மூடுபனிக்குள் அரளி

வெயிலுகந்தபுரத்துக்கு மூடுபனி வந்தது ஒரு சித்திரை மாதத்து முற்பகலில், தீப்பெட்டி ஆபீஸ்களில் மருந்தில் முக்கி எடுத்த குச்சிகளைக் காயப் போட்டுவிட்டுப் பெண்கள் தூக்குவாளியைத் திறந்து உட்கார்ந்த நேரத்தில், பேருந்து நிலையத்துக்கு எதிரே கடலைமிட்டாய்க் கடைக்கு மேலிருந்த ஜெயக்கொடி பயிற்சி மையத்தின் படிக்கட்டு வழியாக. அவசரமில்லாத விருந்தாளியைப் போல ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசிப் படியில் கொஞ்சம் நின்று, வண்டி எதுவும் வரவில்லை என்று தெரிந்த பிறகு சாலையைக் கடந்தது. எதிரே டீக்கடை வைத்திருந்த ஆவுடையப்பன் குவளையைக் கையில் பிடித்தபடியே அண்ணாந்து குரல் கொடுத்தார்.

“என்ன சார், மாடில எதும் பத்திக்கிட்டா?”

“இல்ல அண்ணாச்சி, பாடம் நடக்கு” என்று மேலிருந்து பதில் வந்தது.

“பாடமா, சரி சரி” என்று சொல்லிவிட்டு அவர் டீயை ஆற்றப் போய்விட்டார்.

அந்த மையத்தில், அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர் ஆவதற்கான தேர்வுக்கு ஆள் தயார் செய்தார்கள். நடத்தியவர் அருள்பிரகாசம் சார். எதையும் வாய்ப்பாடு போலக் கூட்டாகச் சத்தம்போட்டுச் சொன்னால்தான் மண்டையில் நிற்கும், அது பழைய ஆங்கில நாடகமானாலும் சரி, கவிதை வடிவமானாலும் சரி என்பது அவர் கட்சி. பாவம், அவருக்குத் தொண்டை சரியில்லை. அதனால் வகுப்பிலேயே கனத்த குரலுடைய சீனியம்மாள் கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்று முதலில் சொல்ல, மற்றவர்கள் பின்னால் சொல்வார்கள். அன்றைக்குத் திருப்புதல் கோதிக் கதைகள், அதாவது வெள்ளைக்காரர்களின் பழைய பேய்வீட்டுக் கதைகள். “இடிந்த கோட்டை” என்றாள் சீனியம்மாள், “இடிந்த கோட்டை” என்றது வகுப்பு. “பூட்டிய அறை” என்றாள், “பரம்பரைச் சாபம்” என்றாள், “ஆளில்லாத மாடியில் நடக்கும் சத்தம்” என்றாள், “மூடுபனி” என்றாள், மறுபடி கோட்டையிலிருந்து ஆரம்பித்தாள், மறுபடியும் ஆரம்பித்தாள், அந்தச் சுற்றில் மூடுபனி என்று சொல்லி வாயை மூடும்போது கரும்பலகைக்கு அடியிலிருந்து பனி வெள்ளையாக எழும்பிப் பெஞ்சுகளைச் சுற்றிக்கொண்டு கதவைப் பார்த்துப் போனது. முதல் பெஞ்சு ஜெபக்கனி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

சீனியம்மாள் மட்டும் திருப்பவில்லை. அவள் அந்தப் பனியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவளுக்கு அந்தப் பாடம் முக்கியம். கல்யாணம் செய்துபோன வீட்டிலிருந்து ஒரு பெட்டியோடு திரும்பி வந்த நாளிலிருந்து அண்ணன் செண்பகராஜ் வீட்டில்தான் இருக்கிறாள். அண்ணன் தங்கமான மனிதர், யாரும் குறை சொல்ல முடியாது. தீபாவளிக்கு மனைவிக்கு எடுக்கிற அதே விலைச் சேலையைத் தங்கைக்கும் எடுப்பவர், சிறு தீப்பெட்டி ஆபீஸ்காரர்கள் சங்கத்துக்குத் தலைவர். ஆனாலும் அந்த வீட்டின் சாவிக்கொத்து மதினியின் இடுப்பில் இருந்தது. சமையல் சீனியம்மாளுடையது, துணி அவளுடையது, பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்புவது அவளுடையது, கட்டிலுக்கு அடியில் புத்தகப்பை ஒன்று அவளுடையது, அதற்கு மேல் ஒன்றும் அவளுடையது இல்லை. அஞ்சல்வழியில் எம்.ஏ. முடித்தாள், பி.எட். முடித்தாள். இந்தத் தேர்வில் தேறினால் எங்காவது ஒரு ஊரில் வேலை, அந்த ஊரில் ஒரு வாடகை வீடு, அந்த வீட்டுக்கு ஒரு சாவி. அந்தச் சாவிக்குத்தான் அவள் படித்தாள். போன இரண்டு தடவையும் கோதிக் காலை வாரிவிட்டது. இந்தத் தடவையும் போனால் அடுத்த தேர்வுக்குள் வயது தாண்டிவிடும்.

இலக்கணம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நாடகத்தில் யார் யாரைக் கொன்றார்கள் என்பதைச் சொந்தக்காரர் வீட்டுச் சண்டை போல நினைவு வைத்திருந்தாள். சானெட் என்கிற பாட்டின் பதினான்கு அடிகளையும் விரல் மடக்கி எண்ணிவிடுவாள். கோதிக் மட்டும் ஒட்டவில்லை. வருஷத்தில் பத்து மழை பெய்தால் அதிகம் என்கிற கரிசல்மண்ணில், பகல் என்றால் கண்ணைக் குத்துகிற வெள்ளை வெளிச்சம் என்று வளர்ந்தவளுக்கு, ஒரு வீட்டைப் பார்த்து எதற்குப் பயப்பட வேண்டும் என்று விளங்கவே இல்லை. அன்று மத்தியானம் பனிக்குள் நடந்து வீட்டுக்குத் திரும்பியபோது விளங்கிவிட்டது. அண்ணன் வீடு பாதி மறைந்து நின்றது. மாடியில் அடைத்துக் கிடந்த ஜன்னல், உள்ளே தாழிட்ட இரும்புக் கதவு, இங்கே உனக்கு என்ன குறைச்சல் என்று வம்சம் வம்சமாக வருகிற ஒரே பேச்சு, வெளியே போக வழி தெரியாத ஒரு பெண்பிள்ளை. கோட்டையை எங்கேயோ தேடிக்கொண்டிருந்தோமே என்று நினைத்தாள். தெருவிலேயே நின்று வாய்விட்டுச் சிரித்தாள், பிறகு கொஞ்சம் அழுதாள், பிறகு உள்ளே போய் உலை வைத்தாள்.

ஊர் பனிக்குப் பழகிக்கொள்ள அதிக நாள் ஆகவில்லை. ஆவுடையப்பன் சர்பத்தை நிறுத்திவிட்டுச் சுக்குக் காபி போட்டார். ஐயப்பன் கோயிலுக்குப் போகும்போது மட்டும் எடுக்கிற குரங்குக் குல்லாவை ஆண்கள் சித்திரையில் எடுத்து மாட்டிக்கொண்டார்கள். கொடியில் வேட்டியைக் காயப்போட்டால் அது காய்வதற்குப் பதிலாகச் சொட்டியது, சொட்டியதைக் குடத்தில் பிடித்துப் பார்த்தால் குடிதண்ணீர் லாரிக்காரன் கொண்டுவருவதைவிட ருசியாக இருந்தது, அதனால் ஊரில் இருந்த வேட்டி சேலை அத்தனையும் கொடிக்கு வந்தன. ஆடுகள் வழி தெரியாமல் யார் வீட்டிலாவது நுழைந்தன, நுழைந்த வீட்டுக்காரர்கள் பாலைக் கறந்துகொண்டு மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள். மேற்கே கோபுரம் வைத்த கோட்டை ஒன்று தெரிகிறது என்று பேச்சு கிளம்பி நாலு பேர் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்கள். அது நகராட்சித் தண்ணீர்த்தொட்டி.

கொஞ்ச நாளில் பனியைப் பார்த்தே மாடியில் என்ன பாடம் நடக்கிறது என்று சொல்லக் கற்றுக்கொண்டார்கள். துன்பியல் நாடகம் என்றால் பனி நெஞ்சுயரத்துக்கு வந்து அப்படியே கனத்து நிற்கும். இன்பியல் என்றால் சிறுபிள்ளைகளின் காலுக்கிடையில் ஓடும். இரங்கற்பா படித்த அன்று நேரே தெற்குத்தெருவுக்குப் போய், போன வாரம் ஆள் செத்த வீட்டு வாசலில் உட்கார்ந்துகொண்டது, அந்த வீட்டுக்காரர்கள் அதற்கும் ஒரு விசிறியைக் கொண்டுவந்து வைத்தார்கள். சானெட் என்றால் சாலையில் மடிப்பு மடிப்பாக இறங்கும், முதலில் எட்டு, பிறகு ஆறு, நடுவில் ஓர் ஆட்டோ நுழைந்து திரும்பும் அளவுக்கு இடம் விட்டு. “சானெட்டு போட்டாச்சு, கெளம்புங்கப்பா” என்று ஆவுடையப்பன் குரல் கொடுத்ததும் ஆட்டோக்கள் அந்த இடைவெளியில் புகுந்து ரயில்நிலையத்துக்குப் பறக்கும். இலக்கணம் ஆரம்பித்தால் மட்டும் பனி சட்டென்று வாரிச் சுருட்டிக்கொண்டு மாடியேறிவிடும், வெயில் பழையபடி உச்சியைப் பிளக்கும்.

எல்லாம் சரிதான், தீப்பெட்டிக்கு மட்டும் ஆகவில்லை. குச்சி நமுத்தது. பசை காயவில்லை. முக்கி வைத்த மருந்து வழிந்து, குச்சி அடுக்கிய கட்டையோடு ஒட்டிக்கொண்டது. “இப்பத்தான் மத்தியானத்துல கண்ணசந்தோம், ரெண்டு நா கெடக்கட்டும்” என்று பெட்டி ஒட்டுகிற பெண்கள் முதலில் சிரித்தார்கள், வாரக் கடைசியில் சிரிக்கவில்லை. சீனியம்மாளுக்கு அது உறுத்தியது. அந்தப் பெண்களில் பாதிப்பேர் அவளோடு ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்தவர்கள்.

சாப்பாட்டில் கை வைத்தபடி அண்ணன் ஆரம்பித்தார். “ஏ தாயி, இலக்கணம் படிச்சா வெயிலடிக்காமே. அதையே படிங்களேன் எல்லாரும்.”

“இலக்கணம் தெரியும்ணே. தெரியாததத்தான படிக்கணும்.”

“குச்சி பூரா நமுத்துப் போச்சு சீனி. வேலைக்கு வார பொம்பளைகளுக்கு நான் என்ன பதில் சொல்ல?”

அவள் இதை யோசித்து வைத்திருந்தாள். “காலைல நாங்க இலக்கணம் படிக்கோம். வெயில் வரும். நீங்க மருந்து முக்கி, காயவச்சு, உள்ள எடுத்துருங்க. மத்தியானத்துக்கு மேல நாங்க கோதிக் படிக்கோம். ஒருத்தருக்கும் நட்டமில்ல.”

செண்பகராஜ் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். அது நல்ல யோசனை என்பது அவருக்கும் தெரிந்தது, அதுதான் அவரைச் சுட்டது. “அப்ப, எங்க ஆபீஸ் நடக்கணும்னா உன் பாடத்தக் கேட்டு நடக்கணும், என்ன? சங்கத்துல போயி எப்படிச் சொல்லுவேன் இத?”

“சொல்லுங்கண்ணே. சொன்னா என்ன?”

“வேண்டாம். பாடத்த நிறுத்து. இந்த வீட்ல ஒனக்கு என்ன கொறைச்சல்?”

அவள் குழம்பை ஊற்றினாள். “நிறுத்த மாட்டேன்” என்றாள். அந்த வீட்டில் அவள் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. மதினி இடுப்புச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

சங்கம் கூடியது. பயிற்சி மையத்தைப் பூட்டலாம் என்று ஒருவர் சொன்னார், படிப்பைப் பூட்டினால் பாவம் என்று இன்னொருவர் சொன்னார். கடைசியில், அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்துவிடுவது என்று முடிவானது. வெயிலுகந்தபுரத்தில் கிணறு வெட்டுவதும் பெண் கொடுப்பதும் அப்படித்தான் தீரும். ஒரே அளவில் இரண்டு பொட்டலம், ஒன்றில் செவ்வரளி, ஒன்றில் வெள்ளரளி, அம்மன் காலடியில் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை என்றால் பாடம் நடக்கலாம். சிவப்பு என்றால் நிறுத்த வேண்டும். அம்மன் சொன்ன பிறகு மறுபேச்சு பேசி அந்த ஊரில் யாரும் குடியிருந்ததில்லை.

வெயிலுகந்த அம்மனுக்குக் கூரை கிடையாது. ஒரு தடவை போட்டார்களாம், ஒரே காற்றில் பிய்த்து எறிந்துவிட்டாளாம். விளக்கும் கிடையாது, சூரியன்தான் விளக்கு. நடு உச்சிப் பொழுதில், அவள் நிழல் அவள் காலடிக்குள் அடங்குகிற நேரத்தில்தான் பூசை. அதனால் பூக்கட்டிப் பார்ப்பதற்கும் அதே நேரத்தையே குறித்தார்கள். பனி இறங்கிக் கிடக்கிறதே, தெரியுமா என்று ஒரு ஆள்கூட யோசிக்கவில்லை. காலங்காலமாகச் செய்கிற காரியம், அது பாட்டுக்கு நடக்கும் என்று நினைத்துவிட்டார்கள்.

அன்று காலை வகுப்பில் நடந்த திருப்புதல் துன்பியல் நாடகத்தின் ஐந்தாம் அங்கம். உச்சிப்பொழுதுக்குக் கோயில் வெளியில் ஊரே நின்றது, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை, இருமலை வைத்தும் செருமலை வைத்தும்தான் ஆளை அறிந்தார்கள். தலைவரின் தங்கை, அதிலும் வழக்கில் எதிர்க்கட்சி என்பதால் சீனியம்மாளைப் பூசாரி கொம்பையாவுக்குப் பக்கத்தில், பீடத்தை ஒட்டி நிறுத்தினார்கள். ஒரு சின்னப் பெண் தடவித் தடவி ஒரு பொட்டலத்தை எடுத்தாள். கொம்பையா வாங்கி, நூலைப் பிரித்து, உள்ளங்கையில் பூவை ஏந்தி, அம்மனுக்குக் காட்டினார்.

“என்ன நெறம், சாமி?” என்றார் செண்பகராஜ்.

கொம்பையாவுக்குக் கண்ணில் புரை. அவர் பூவை மூக்குவரை கொண்டுபோனார். “தெரியலியேப்பா” என்றார்.

செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தார்கள். பட்ட இடமெல்லாம் பனி பளீரென்று விரிந்து, பூவும் வெள்ளை, பூசாரியின் கறுத்த கையும் வெள்ளை, எல்லாமே வெள்ளையாகத் தெரிந்தது. பூவைத் தடவிப் பார்த்தார்கள், அரளி அரளிதான், தொட்டால் நிறமா தெரியும். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கலாம் என்றால் அம்மன் கண்ணெதிரில் எடுத்த பூ பீடத்தைவிட்டு இறங்கக் கூடாது. செண்பகராஜ் மடியிலிருந்து சொந்த ஆபீஸ் தீப்பெட்டியை எடுத்து ஒரு குச்சியைக் கிழித்தார். மருந்து களிமண்ணாக உதிர்ந்தது. இன்னொன்றைக் கிழித்தார். பெட்டி முழுவதையும் கிழித்துத் தீர்த்தார். பனிக்குள் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

சீனியம்மாள் சிரிக்கவில்லை. பனிக்குள்ளேயே படித்துப் படித்து அவள் கண் பழகியிருந்தது, பூசாரியின் கை அவளிடமிருந்து ஒரு முழம். அவள் பார்த்துவிட்டாள்.

சிவப்பு.

பிறந்ததிலிருந்து கும்பிட்ட சாமி. காய்ச்சலில் கிடந்தபோது அம்மா இவளைத்தான் வேண்டிக்கொண்டாள். அந்த வாய் நிறுத்து என்று சொல்லிவிட்டது. இனி அவள் பேசாமல் வீட்டுக்குப் போகலாம், உலை வைக்கலாம், ஆறு மணிக்கு இரும்புக் கதவை உள்ளே தாழ்ப்பாள் போடலாம், சாகிற வரைக்கும் போடலாம். அவள் பனிக்குள் நின்ற அம்மனின் கறுத்த முகத்தைப் பார்த்தாள். உனக்கு வெயில் பிடிக்கும், நீ உனக்கு வேண்டியதைக் கேட்டுவிட்டாய், எனக்கு வேண்டியதை நான் யாரிடம் கேட்க என்று மனதுக்குள் கேட்டாள். அம்மன் பதில் சொல்லவில்லை. சரி, என்றாள் சீனியம்மாள்.

அப்போதுதான் ஆவுடையப்பனுக்கு உதித்தது. “இலக்கணம் படிச்சா பனி விலகும்லா! படிக்கச் சொல்லுங்க!”

ஊரே ஆமாம் ஆமாம் என்றது. அருள்பிரகாசம் சார் முன்னால் வந்து, பெயர்ச்சொல்லிலிருந்து ஆரம்பித்து, கரகரத்த தொண்டையோடு வினைச்சொல் வரைக்கும் போனார். பனி அவர் முழங்கால்வரை தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி இறங்கிக்கொண்டது. கூட்டாகச் சொன்னால்தான் அது போகும், முன்னால் சொல்ல சீனியம்மாள் வேண்டும். மாணவர்கள் வாயைத் திறக்காமல் அவள் நின்ற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சொல்லு தாயி” என்றார் அண்ணன்.

“சொல்ல மாட்டேன்.”

“சீனி, ஊரு நிக்கி. அம்மன் என்ன சொல்லியிருக்கான்னு தெரிய வேண்டாமா?”

“அம்மன் சொன்னது அம்மன் காலடியிலயே இருக்கட்டும்ணே. ஒரு வாரத்துல பரீட்சை. எழுதிட்டு வந்து இதே எடத்துல நின்னு இலக்கணம் சொல்லுதேன், பெயர்ச்சொல்லுலருந்து கடைசி வரைக்கும் சொல்லுதேன். அப்ப எல்லாரும் நல்லாப் பாத்துக்கிடுங்க.”

“ஒருவேள வெள்ளையா இருந்தா ஒனக்குத்தானே நல்லது?”

“இருந்துட்டுப் போகட்டும்.”

“என் பேச்சக் கேக்க மாட்டே.”

“மாட்டேன்” என்றாள் சீனியம்மாள். அது கோயில்வெளி முழுக்கக் கேட்டது. “காலைல வெயிலு, மத்தியானம் பனின்னு பாதிப்பாதி கேட்டேன். நீங்க தரல. இப்ப முழுசா எடுத்துக்கிடுதேன்.”

பனிக்குள் பெண்கள் நின்ற பக்கமிருந்து, பெட்டி ஒட்டுகிற யாரோ ஒருத்தி, “ஒரு வாரந்தான, அம்மன் கொடைத் திருவிழாவுக்கு லீவு விட்டதா நெனச்சுக்கிடுவோம், படிக்கட்டும்” என்றாள். யார் என்று தெரியாததால் யாரும் அவளைக் கண்டிக்க முடியவில்லை. கொம்பையா பூவை அம்மன் காலடியில் வைத்து ஒரு தாம்பாளத்தைக் கவிழ்த்தார்.

அந்த ஒரு வாரம் ஊரில் ஒரு தீக்குச்சிகூடப் பற்றவில்லை. அடுப்புக்கு லைட்டரைத் தட்டினார்கள், பீடி பிடிக்கிறவர்கள் ஒருவர் பீடியிலிருந்து மற்றவர் பற்றவைத்து நெருப்பை அணையாமல் தெருத்தெருவாகக் கொண்டுபோனார்கள். மாடியிலிருந்து சீனியம்மாளின் குரல் காலையிலிருந்து பொழுது சாயும்வரை கேட்டது, கோட்டை, பூட்டிய அறை, சாபம், மாடியில் சத்தம். இப்போது அவள் ஒவ்வொன்றையும் தெரிந்த வீட்டைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். வீட்டில் அண்ணன் அவளோடு பேசவில்லை. அவள் உலை வைத்தாள், குழம்பு ஊற்றினாள், படித்தாள்.

பரீட்சைக்குப் போகும் பேருந்தில் வகுப்பு மொத்தமும் ஏறியதும் பனி முழுவதும் திரண்டு, தாய்ப்பசுவின் பின்னால் கன்று போவதுபோலப் பேருந்தின் பின்னாலேயே போய்விட்டது. வெயில் அடித்தது. ஊரே கோயிலுக்கு ஓடியது. கொம்பையா தாம்பாளத்தை நிமிர்த்தினார். பூ வாடிச் சருகாகி, டீத்தூள் நிறத்தில் கிடந்தது. பக்கத்தில் பிரிக்காத மற்ற பொட்டலத்தைப் பிரித்தார்கள், அதிலும் டீத்தூள் நிறந்தான். எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. செண்பகராஜ் அந்தச் சருகை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஆபீஸுக்குப் போய் மருந்து முக்கச் சொன்னார்.

சொன்ன சொல் தவறக்கூடாது என்று சீனியம்மாள் அன்று மாலையே பீடத்துக்கு முன்னால் நின்று இலக்கணத்தை ஒப்பித்தாள், விலக்கப் பனி இல்லாவிட்டாலும் ஒரு வரி விடாமல் ஒப்பித்தாள். பிறகு தேர்வு முடிவு வந்தது. தேறியவர்கள் பெயரில் அவள் பெயர் இருந்தது, ஜெபக்கனி பெயரும் இருந்தது. சீனியம்மாளுக்கு ஆற்றங்கரை ஊர் ஒன்றில் பள்ளிக்கூடம் கிடைத்தது.

கிளம்புகிற அன்று அவள் செவ்வரளியாகவே தொடுத்த மாலை ஒன்றைக் கொண்டுபோய் அம்மனுக்குப் போட்டாள். வெள்ளை ஒன்றுகூடக் கலக்கவில்லை. கொம்பையா மாலையை உற்றுப் பார்த்தார், அவளை உற்றுப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் திருநீறு பூசினார்.

பெட்டியை அண்ணன்தான் சுமந்து வந்து பேருந்தில் ஏற்றினார். ஜன்னலுக்குக் கீழே நின்றுகொண்டு போகட்டுமா நிற்கட்டுமா என்று தெரியாமல் மேல்துண்டை மடித்தார், பிரித்தார். “போனதும் வீட்டுச் சாவிய ரெண்டா அடிச்சு வச்சுக்கோ தாயி, தொலைஞ்சா கஷ்டம்” என்றார். பிறகு சிரிக்கப் பார்த்தார். “அன்னைக்கு அந்தப் பூவு என்ன நெறமா இருந்திருக்கும்ங்கே?”

“செவப்புண்ணே.”

அவர் துண்டை மடிப்பது நின்றது.

“பக்கத்துலதான நின்னேன். நல்லாப் பாத்தேன். செவப்பு.”

“அப்ப ஏன் தாயி சொல்லல?”

ஓட்டுநர் ஏறி உட்கார்ந்தார். வண்டி உறுமியது. சீனியம்மாள் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த அண்ணன் கைமேல் தன் கையை வைத்தாள்.

“சொல்லியிருந்தா எல்லாரும் அம்மன் பேச்சக் கேட்டிருப்பீக” என்றாள். “நானும் கேட்டிருப்பேன்.”